பொட்டு வரைக்கும் இறக்கு

நைனா,

இன்று மத்தியானம் கரண்ட் போனது. எல்லாச் சத்தங்களும் ஒன்றாக நின்றன. கூரை ஃபேன், பக்கத்து வீட்டு டிவி, என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றுகிற இரண்டு ஃபேன்கள். கீபோர்டிலிருந்து கையை எடுப்பதற்கு முன்பே என் கழுத்து திரும்பிவிட்டது. நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாயா என்று பின்கதவு ஓரம் நீ படுக்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கே அம்மா மடித்து வைத்த துணிகள் இருந்தன.

பிராக்டிகல் பரீட்சைக்குப் பயிற்சியாக எழுதிக்கொண்டிருந்த ப்ரோகிராம் சேவ் ஆகாமலே போய்விட்டது. ஸ்டடி லீவில் இப்படி ஒரு மணி நேர உழைப்பு போனால் அழுதிருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. ரஃப் நோட்டை எடுத்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பள்ளியில் கடிதம் எழுதச் சொன்னால் அப்பாவுக்கு ‘நீங்கள்’ போட வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். இதற்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. வீட்டில் கூப்பிட்டது போலவே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. பத்தாவது பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னதை மனதில் வைத்திருந்து, சிப்காட்டில் ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தாய். ஷேர் ஆட்டோவில் மானிட்டர் உன் மடியில், பெட்டி ஏழுமலை மாமா மடியில். பழைய போர்வையைப் பிரித்ததும் தூசு வாசனை. சுவிட்சைப் போட்டதும் அந்தச் சத்தம்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாடி, உங்க நைனா மாவு மிஷினு வாங்கியாந்துக்கிறாரு?”

நீ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அரிசிய ஊற வெய்” என்றாய்.

உண்மையிலேயே மாவு மிஷின்தான். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு ஃபேன்களும் முழு வேகத்தில் சுற்றின. மேஜையில் வைத்த டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது. அடுப்படி போக நம் வீடு ஒரே கூடம். நான் படிப்பதும், அம்மா காய் நறுக்குவதும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நீ தூங்குவதும் அதே கூடத்தில்தான்.

இரும்பு ஆலையில் நீ கிரேன் ஓட்டினாய். கூரையை ஒட்டி ஓடும் கிரேன், அதில் தொங்கும் ஒரு கூண்டு, கூண்டுக்குள் நீ. கனத்த இரும்பைத் தூக்கிக்கொண்டு போய், ஆட்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் வாரங்களில் ராத்திரி முழுக்க அந்த வேலை. காலையில் வந்து குளித்து, நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, பின்கதவு ஓரம் பாயை விரித்துப் படுப்பாய். விடுமுறையாதலால் நானும் வீட்டில். எனக்குப் புதுப் பெட்டியை விட்டு எழவும் மனமில்லை, உன் தூக்கத்தைக் கெடுக்கவும் மனமில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நீ புரண்டு படுத்தால் போதும், உடனே பெட்டியை அணைத்துவிடுவேன். உன் மூச்சு சீரானதும் திரும்பப் போடுவேன். ஒரு பகலில் எத்தனை முறை அப்படிச் செய்வேனோ தெரியாது. அவ்வளவு அக்கறையான மகள் கும்மிடிப்பூண்டியிலேயே கிடையாது என்று ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கண்கள் மட்டும் நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போயின. கேட்டால் ஒன்றுமில்லை என்பாய்.

ஏழுமலை மாமாதான் உடைத்துச் சொன்னார். அவர் ஆலையில் உனக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர். நீ கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து, வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார். முந்தின ராத்திரி சுமை தொங்கும்போதே உன் கண் மூடிவிட்டதாம். அவர் விசிலடித்து எழுப்பியிருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் கிரேனை விட்டு இறக்கிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

“அண்ணன் மேல கண்ண மூடினா, கீழ இருக்கறது என் மண்ட, அண்ணி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அடுத்த நைட்டு ஷிஃப்ட்டு வர்ற வரிக்கும் பாப்பேன். அப்பவும் இது கத்திக்கினு இருந்தா, யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவேன். அப்புறம் என்னக் கேக்காத.”

அவள் சொன்னது நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளை நூலகத்தில் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டினேன். கேள்வி பதில் பகுதியில் யாரோ என்னைப் போலவே கேட்டிருந்தார்கள். ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சத்தம் குறையும் என்று பதில். அவ்வளவு எளிதா என்று நம்பவே முடியவில்லை. மறுநாள் உன் சைக்கிளில் நான் பின்னால் உட்கார, இருவரும் பஜாருக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பழவேற்காட்டு பாய், கட்டை விரல் அகலத்தில் ஒரு குமிழை எடுத்துக் கொடுத்தார். வீட்டு ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாதிரிதான், இது பெட்டிக்குள் இருக்கும் ஃபேன்களுக்கு.

“ப்ராசஸர் மேல குட்டியா ஒண்ணு சுத்தும், அத்தத் தொடாத பாப்பா. இந்த ரெண்டையும் கொறைச்சுக்கோ. மெதுவா சுத்தலாம், ஆனா சுத்திக்கினே இருக்கணும். மொத்தமா நிறுத்தினா உள்ள வெந்துபூடும்” என்றார்.

ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தது நான். டார்ச் பிடித்தது நீ. ஒயரைப் பின்பக்க இடுக்கு வழியாக வெளியே எடுத்து, குமிழைப் பெட்டியின் மேல் ஒட்டினேன்.

அடுத்த நைட் ஷிஃப்ட் வாரம் வந்தது. முதல் நாள் காலை, உன் குறட்டை வரும் வரை காத்திருந்தேன். பிறகு குமிழைப் பிடித்து, ஒரே திருப்பாக அடிமட்டம் வரை திருப்பினேன். மாவு மிஷின் அடங்கியது. வெளியே யாரோ குடம் வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால், நீ பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். உன் வலது கை முன்னால் நீண்டு, இல்லாத ஒரு லீவரைப் பிடித்திருந்தது.

“இன்னா நின்னுது?” என்று கேட்டாய். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

ஒன்றுமில்லை நைனா, கம்ப்யூட்டர்தான் என்றேன். கையைக் கீழே விட உனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாய்.

“மில்லுல சத்தம் வந்துக்கினே இருந்தா எல்லாம் ஓடுதுன்னு அர்த்தம் பாப்பா. திடீர்னு நின்னுச்சுன்னா, எவனுக்கோ எதுவோ ஆயிடுச்சு. தூக்கத்துலயும் காது அத்தத்தான் பாத்துக்கினு கெடக்கு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ புரளும்போதெல்லாம் நான் பெட்டியை அணைத்ததைச் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு சிரித்தாயே ஒரு சிரிப்பு, அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

“கேட்டியா, இத்தினி நாளு என்ன எழுப்பிக்கினு இருந்தது பொட்டி இல்ல. உம் பொண்ணு.”

அப்படியானால் சத்தம் இருக்கட்டுமா என்று கேட்டேன்.

“மாவு மிஷினு வேணாம்மா. அதுல தூக்கம் புடிக்காது. ஊடு ஓடிக்கினு இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதற்காகவே உட்கார்ந்தோம். நீ பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் குமிழில் கை வைத்தேன். நீ கிரேனில் சொல்கிற மாதிரியே சொன்னாய். எறக்கு. எறக்கு. இரு. ஒரு நாட்ச்சு ஏத்து. நாட்ச்சு என்றால் லீவரில் ஒரு படி.

“எறக்கு இல்ல நைனா, இறக்கு” என்று நான் திருத்தினேன்.

“எதுவோ ஒண்ணு. மொதல்ல பொறுமையா செய்யி. தூக்கறத யார் வேணா தூக்கலாம். எறக்கறதுதான் வேல. தரையத் தொட்டது தரைக்கே தெரியக் கூடாது.”

கடைசியில் ஓரிடத்தில் உன் முகம் தளர்ந்தது. அங்கேயே உடு என்றாய். தூரத்தில் போகிற ரயிலின் கடைசிப் பெட்டி போல ஒரு மெல்லிய ஓசை. அந்த இடத்தை எப்படிக் குறித்து வைப்பது என்று நான் பேனாவைத் தேடினேன். அம்மா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, குமிழின் ஓரத்தில் சரியாக அந்த இடத்தில் ஒட்டினாள். “இந்தா. பொட்டு வரிக்கும் எறக்கு. இதுக்குப் போயி ஒரு பஞ்சாயத்து” என்றாள்.

கோடை வெயிலில் பெட்டி சூடாகிவிடுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மேஜையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். நீ தூங்கி எழுந்ததும், எனக்கு நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போலப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாய். “ஜொரம் இல்ல” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போவாய். தினமும் காலையில் நீ படுப்பதற்கு முன்பே பெட்டியைப் போட்டு, பொட்டு வரை இறக்கிவிடுவேன். நடுவில் என் வேலை முடிந்தால் மானிட்டரை மட்டும் அணைப்பேன், நீ எழுகிற வரை பெட்டி ஓடும். கரண்ட் பில் வரும்போது அம்மா முணுமுணுப்பாள். உன் கண்களில் சிவப்பு போய்விட்டதை அவளும்தான் பார்த்தாள். ஏழுமலை மாமா வந்தால் இப்போது டீயைக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்பார். என் மண்டைக்கு இன்ஷூரன்ஸ் போட்ட பொண்ணு என்று என்னை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன். ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அவர்கள் போன பிறகு வீட்டில் எதுவுமே ஓடவில்லை. பெட்டியின் மேல் அதே பழைய போர்வையைப் போர்த்தியது நான்தான். பள்ளிக்கூட வேலைக்காகத் திரும்பத் திறந்தபோது குமிழின் மேல் தூசு படிந்திருந்தது. பொட்டு மட்டும் அங்கேயே இருந்தது. அம்மா இப்போது பொட்டு வைத்துக்கொள்வதில்லை.

இதுவரை எழுதியபோது கரண்ட் வந்துவிட்டது. பெட்டியைப் போட்டேன். ஃபேன் கொஞ்சம் தயங்கி, தன் மெல்லிய ஓசைக்கு வந்து சேர்ந்தது. போன ப்ரோகிராமைத் திரும்ப அடித்தேன். இந்த முறை இரண்டு வரிக்கு ஒரு முறை சேவ் செய்தேன். முடித்து அணைக்கப் போகும்போது பின்கதவு ஓரம் பார்த்தேன். மடித்த துணிகள் அங்கே இல்லை. உன் பாயை விரித்து அம்மா படுத்திருந்தாள். பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை, நைனா. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

என் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

“இருடி. ஓடட்டும்.”

நான் மானிட்டரை மட்டும் அணைத்தேன்.