போனில் பேசாத செண்பகம்

சென்னை
ஐப்பசி, 1998

அன்புள்ள அத்தானுக்கு,

சொர்ணத்தாய் எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம். நீங்கள், அத்தை, நம் செண்பகம் எல்லோரும் சுகந்தானே? கரிசலில் ஈரம் இறங்கி உளுந்து விதைத்தாயிற்றா?

நேற்று பாலர் பள்ளிப் பயிற்சி வகுப்பில் டீச்சர் ஒரு சினிமா போட்டுக் காட்டினார். போனில் அப்பா, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். சின்னப் பிள்ளை பேசாமல் தலையை மட்டும் ஆட்டுகிறது. எல்லோரும் சிரித்தோம். டீச்சர் படத்தை நிறுத்தி, "இந்த வயசுல, தான் தலையாட்டுறது அப்பாவுக்கும் தெரியும்னுதான் பிள்ளை நினைக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போன வாரம் நம் ஊர் எஸ்.டி.டி. பூத்தில் செண்பகம் வாயே திறக்கவில்லை. "ஏட்டி, அம்மாகிட்ட பேசுட்டி" என்று நீங்கள் அதட்டியது எனக்கும் கேட்டது. அவளை நான் விட்டுவிட்டு வந்த கோபம் என்றே நினைத்திருந்தேன்.

அவளுடைய பழைய கவுன் ஒன்றை அனுப்புங்கள். வகுப்பில் பொம்மை தைக்க வேண்டும். துவைக்க வேண்டாம்.

தபால்காரர் பெட்டியைத் திறக்க வந்துவிட்டார், அவசரமாக முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது பிள்ளையை அதட்டாதீர்கள். "அம்மாவைத் தேடுதாட்டி?" என்று கேட்பேன். ரிசீவரை அவள் காதில் வைத்துவிட்டு, நீங்கள் அவள் தலையை மட்டும் பாருங்கள். பிறகு போனை வாங்கி எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
சொர்ணம்