சந்த றொசாலியா கேளாத நேத்தி

பலெர்மோ, இத்தாலி

அன்பான அம்மா,

சுகமோ? தங்கச்சி ஒழுங்காப் படிக்கிறாளோ? நான் நல்லா இருக்கிறன், நெஞ்சு மட்டும் இடைக்கிடை தாளம் தப்பி அடிக்குது. துடிப்பைப் பதியிற சின்ன மெஷின் ஒண்டை நெஞ்சிலை ஒட்டிவிட்டு, "ஒருநாள் வழமைபோலத் திரி" எண்டார் டொக்டர். நான் அதோடையே இந்த ஊர்க் காவல் புனிதை சந்த றொசாலியாவின்ரை மலைக்கோயிலுக்கு ஏறி, மெஷினிலை ஒண்டும் காட்டக்கூடாதெண்டு நேத்தி வைச்சன்.

மறுநாள் மெஷினைக் கழட்டேக்கை நான் சொன்னதைக் கேட்டிட்டு டொக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். "நல்லகாலம், உன்ரை நேத்தி பலிக்கேல்லை. மெஷின் பிடிச்சதாலைதான் மருந்து தாறன்."

இப்ப குளிசை போடுறன், பயப்பிடாதேங்கோ. கோப்பி கூடாதாம். நீங்கள் இடிச்ச மல்லிக்கோப்பித் தூள் கொஞ்சம் அனுப்புங்கோ.

உங்களுக்கும் நெஞ்சு படபடக்குதாம், தங்கச்சி சொல்லீட்டாள். ஒளிக்காமல் கிளினிக்குக்குப் போங்கோ. நேத்தி வைக்கிறதெண்டால், "உள்ளதைக் காட்டு மாதாவே" எண்டு வையுங்கோ.

வேலைவீட்டுக்காரி சிஞ்ஞோரா கத்துறா, ஓடுறன்.

உங்கடை ஜெனிஸ்டன்