தங்கச்சியின் கக்கத்து நெறி

செவ்வாய், இரவு.

தங்கச்சிக்கு மார்பில் புற்றுநோய். அது கக்கத்து நெறிகளுக்கும் பரவிவிட்டது என்று இன்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களத்தில் சொன்னார். எங்கள் கலவானைத் தேயிலைத் தோட்டத்தில் என்னைப்போல் சிங்களம் பேச ஆளில்லை. தமிழில் நான்தான் சொன்னேன்: "கூடைக் கயிறு இழுத்து நெறி கட்டியிருக்காம். மருந்தக் கண்டா ஓடிருமாம்."

"அளக்காதீங்கண்ணே. சிங்களப் பொம்பளைங்களோடதானே இத்தன வருஷமா கொழுந்து பறிக்கிறேன்?" என்றாள். பிறகு டாக்டரிடம் அவளே சிங்களத்தில் கேட்டாள், மருந்து எப்போது ஏற்றுவீர்கள் என்று. அடுத்த வாரமாம்.

அவள் கேட்ட கேள்விக்கு டாக்டரே எழுந்து நின்றுவிட்டார் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் எழும்பவில்லை. எழும்பியிருக்க வேண்டும்.

அடுத்த வாரமும் நானே போகிறேன், பை தூக்க. அந்த நோய்க்கு எங்கள் வீட்டுப் பெண்ணை இன்னும் தெரியாது.