மீட்டர் காட்டிய எண்பது

மார்ச் 3, திங்கள்

மலைத் தடத்துக்குப் புதிய பேருந்துகள் வாங்கப் போகிறார்கள். மொத்தமாக ஒரே ஆர்டர். பின் அச்சின் விகிதத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் வண்டி ஆயுள் முழுக்க அந்தத் தப்போடு குடித்தனம் நடத்த வேண்டும். நடத்தப்போவது நான்தான். பணிமனை என் பொறுப்பு.

தேர்வு செய்யும் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருவன் நான். இன்னொருவன் என் சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். கொள்முதல் தலைமைப் பதவிக்கு இருவரும் மனுப் போட்டபோது, இரண்டு பட்டம் வைத்திருந்த என்னை விட்டுவிட்டு ஒற்றைப் பட்டக்காரனை எடுத்தார்களே, அதைப் பொறுக்க முடியாது. பதினோரு வருடமாகப் பொறுக்கவில்லை. இனியும் உத்தேசம் இல்லை.

மார்ச் 5, புதன்

தொழிற்சாலை மூன்று விகிதம் தருகிறது: 4.1, 4.5, 4.9. சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்கு எஞ்சின் பக்கத்துத் தண்டு அத்தனை சுற்று சுற்ற வேண்டும். எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் நேர்மாறு. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒன்றரை மணி நேரக் கூட்டம்.

நான் 4.9 என்றேன். அவன் 4.1 என்றான்.

“அண்ணே, மலை பத்துக் கிலோமீட்டர்தான். மிச்சம் நாப்பதும் சமவெளி. காலை வண்டி எழுபதுல ஓடினாத்தான் அந்த ஜனங்க ரயிலைப் பிடிக்க முடியும். விட்டா அன்னிக்கு வேலைக்கே போக முடியாது.”

“மலையிலயே நின்னுட்டா ரயில் எதுக்கு?”

“சகலைங்க சண்டைய வீட்டுல வெச்சுக்குங்கய்யா” என்றார் பொது மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கு வரவில்லை.

நடுவில் 4.5 என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாயில் எடுக்கவில்லை. நான் எடுத்தால் பாதி தோற்ற மாதிரி. அவனுக்கும் அதே நினைப்பாக இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசிவரை அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியது நான்.

மார்ச் 7, வெள்ளி

இன்று மலையில் சோதனை ஓட்டம். அவன் கேட்ட 4.1 போட்ட வண்டி. சோதனையை வகுத்தவனும் அவனே. சுமையில்லாமல், நிற்காமல் ஒரே மூச்சில் ஏற்றிக் காட்டுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

அவன் இருக்கை எல்லாவற்றிலும் மணல் மூட்டை ஏற்றச் சொன்னான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், ஏற்றம் மிகச் செங்குத்தான இடத்தில், வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னான். அங்கேயிருந்து கிளப்ப வேண்டும்.

வண்டி முக்கி முனகியது. ஒரு முழம் பின்னால் வழுக்கியது. கிளட்ச் கருகும் வாடை. அவனே குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடைக்கட்டை போட்டான். சட்டையெல்லாம் புழுதி.

“இன்னொரு தடவை.”

மறுபடியும் அதே கதை.

“விட்டுடலாம் சார், ஒருவேளை இன்னிக்கு சூடு ஜாஸ்தியா இருக்கும்” என்று ஓட்டுநர் அவனுக்கு ஒரு வழி காட்டினார். அதை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. இது ஆகாது.”

சட்டையைத் தட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். எழுதும்போதும் அந்த முகம் கண் முன்னால் நிற்கிறது. அதில் எதுவுமே இல்லை. தோற்ற வலி, நடிப்பு, ஒன்றும் இல்லை. ஒரு மனிதனால் இது எப்படி முடிகிறது?

மார்ச் 8, சனி

காலையிலிருந்து கோபமாக இருக்கிறது. ஜெயித்தவனுக்கு எதற்குக் கோபம்?

மார்ச் 9, ஞாயிறு

மாமனார் வீட்டில் சாப்பாடு. வழக்கம்போல அவருக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்கு. (குறித்துக்கொள்கிறேன்.) சாப்பிடும்போது அவனாகவே ஆரம்பித்தான்: “மாமா, இந்தத் தடவை அண்ணன் என்னைக் காப்பாத்திட்டாரு. நான் சொன்ன வண்டிய வாங்கியிருந்தா ஊரே திட்டியிருக்கும்.”

மாமனார் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதே செய்தி.

திரும்பும் வழியில் மனைவி, “என்னங்க, அவர் உங்களைப் புகழ்ந்ததுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?” என்றாள்.

பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்ததை இவன் ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் கலைத்துப் போடுகிறான்.

மார்ச் 12, புதன்

அதே வண்டியில் அச்சைக் கழற்றி 4.9 பல்சக்கரங்களை மாற்றினோம். மலையில், அதே வளைவில், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கிளம்பியது. நாளை சமவெளி ஓட்டம். வெள்ளிக்கிழமை ஆர்டரில் கையெழுத்து.

மார்ச் 13, வியாழன்

சகலை வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல். பொது மேலாளர் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

சமவெளியில் ஓட்டுநர் அழுத்திப் பிடித்தார். எஞ்சின் அலறியது. “சார், எண்பது காட்டுது.”

“எண்பதே வந்துடுச்சு, அப்புறம் என்னய்யா? இதையே எழுதிடு” என்றார் பொது மேலாளர்.

வேக மீட்டர் கியர் பெட்டியிலிருந்து கணக்கெடுப்பது. பின்னால் அச்சை மாற்றியது அதற்குத் தெரியாது, பழைய 4.1 என்றே நினைத்துக்கொண்டு ஓடுகிறது. மீட்டர் எண்பது காட்டினால் சாலையில் அறுபத்தேழு. அதற்கு மேல் எஞ்சினால் முடியாது. கிலோமீட்டர் கல்லை வைத்தும் பார்த்தேன். அறுபத்தேழுதான். ரயில் போயிருக்கும்.

அந்த வண்டியில் இது தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லையே!

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நாளை கையெழுத்து. மீட்டரே என் பக்கம். என்னை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவன் அந்த வளைவில் நிறுத்தினானே. அவனை மட்டும் யார் கேட்டார்கள்?

அவனைக் கூப்பிட நினைத்தால், அவன் எண் என் போனில் இல்லை. பதினோரு வருடமாக இல்லை. மனைவியிடம் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள்.

“அண்ணே?” என்றான் அவன், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்கிற குரலில்.

“மீட்டரைத் திருத்தல. எண்பதுன்னு காட்டுறது பொய்.”

“நிஜத்துல எவ்வளவு?”

“அறுபத்தேழு.”

மனதில் கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. நானும் போட்டேன்.

“4.5 போட்டா எழுபத்து மூணு வரும்” என்றோம், ஏறத்தாழ ஒன்றாக.

“வளைவுல நிறுத்திப் பாத்துடணும்” என்றான். “கையெழுத்தை நான் தள்ளிப் போட்டுடறேன்.”

ஏன் வண்டியிலேயே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்டிருப்பேன், பத்து வருடத்துக்குக் கேட்டிருப்பேன்.

“பாப்பாவுக்கு எப்படி இருக்கு?” என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

புதுப் பேருந்தில் குடும்பத்தோடு மலைக்குப் போனோம். நிறைய கூட்டம். மூன்றாவது வளைவில் எதிரே லாரி வர, வண்டி நின்றது. நானும் அவனும் ஒருவரையொருவர் பார்க்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தமில்லாமல் கிளம்பியது. காலை வண்டி ஒருநாள் கூட ரயிலை விடவில்லையாம். பக்கத்து இருக்கை அம்மாள் சொன்னாள்.

“நல்ல வண்டியா இருக்கே” என்றார் மாமனார். “இது எந்த மாப்பிள்ளையோட யோசனை?”

நான் அவனைக் கை காட்டினேன். அவன் என்னைக் கை காட்டினான். அவன் கைதான் முதலில் எழுந்தது.

அதையும் குறித்துக்கொள்கிறேன்.