தோரணம் கட்டிய பாலம்

அன்பு மகள் கண்மணிக்கு,

கடல் தாண்டி மீரியில் இருக்கும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

நம் பாரிட் வாய்க்கால் மேலே இருக்கும் பாலம் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. போன மாத மழையில் நடுப்பாகம் அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டது, அம்மாவை ஏற்றிப்போக வரும் டயாலிசிஸ் வேன் பெரிய ரோட்டிலேயே நின்றுவிடுகிறது. செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் அம்மாவை உட்கார வைத்து, பலகை போட்டு, வாரம் மூன்று நாள் நானும் பக்கத்து வீட்டுச் சன்னாசியும் தாண்ட வைத்தோம். ஊராட்சி மன்றத்தில் போய்ச் சொன்னால் பாரிட் எங்களுடையது இல்லை, வடிகால் இலாகாவைப் பார் என்கிறார்கள். இலாகாவில் தண்ணீர்தான் எங்களுடையது, மேலே போகிற ரோடு மன்றத்துடையது என்கிறார்கள். மாநிலத்தில் நிலம் எங்களுடையதுதான், பாலத்துக்குப் பணம் மத்தியிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். மத்தியில் கேட்டால் இது மாநில விவகாரமாம். நாட்டுக்கு ஒரு ஓட்டுப் போட்டேன், மாநிலத்துக்கு ஒரு ஓட்டுப் போட்டேன், மன்றத்துக்கு மட்டும் ஓட்டே கிடையாது, அங்கே யாரிடம் போய்க் கோபப்படுவது?

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் கண்ணு. மார்ச் மாதம் எல்லா அதிகாரிகளும் ஒரே நாளில் பாலத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வருகிறவர்கள் கால் தவறி விழுந்துவிடக் கூடாது, நம் ஜனத்தைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது என்று நான்தான் லயத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டேன். முப்பது வருஷம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவன், பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாளே புல் வெட்டி வைத்துப் பழக்கம். இரண்டு நாள் எல்லாருமாகச் சேர்ந்து மரம் முட்டுக்கொடுத்து, பலகை அடித்து, மேலே கல்லும் மண்ணும் கொட்டிச் சமப்படுத்தினோம். அம்மா மாவிலைத் தோரணம் கட்டினாள். வந்தவர்கள் ஏறி மிதித்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பலகாரம் சாப்பிட்டுப் போனார்கள். பாலம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள், அதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போய்விட்டார்கள். இப்போது இடிந்ததைப் படம் எடுத்துக் கொண்டுபோனால் முதல் கவுண்டரிலிருந்து புது மனு போடச் சொல்கிறார்கள். என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை வண்டி பலகையில் வழுக்கிச் சாய்ந்தது. சன்னாசி பிடித்துக்கொண்டான், அடி ஒன்றுமில்லை, ஆனால் அம்மா பயந்துவிட்டாள். இனிமே என்னைத் தள்ளிக்கிட்டுப் போவாதீங்க, போதும்லா என்றாள். வியாழனும் சனியும் போகவில்லை. கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். ரவாங்கில் சேது மாமா தன் வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னார், அங்கே ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்க மூன்று மாதமாம். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை கண்ணு.

உன் மாற்றல் மனு எந்த மேசையில் கிடக்கிறதோ, பதிலுக்குக் காத்திருக்காதே. தலைமையாசிரியரிடம் கெஞ்சியாவது லீவு வாங்கிக்கொண்டு உடனே வா. பெரிய ரோட்டில் இறங்கிப் போன் போடு, பலகையில் தனியாக நடக்காதே, நான் வருகிறேன். வந்ததும் பாலம் கட்ட உத்தரவு வந்துவிட்டது என்று அம்மாவிடம் நீயே சொல், டீச்சர் சொன்னால் நம்பி வண்டியில் ஏறுவாள். நேற்று நான் அதையே சொன்னேன், மறுபடியும் தோரணம் கட்டணுமா என்று கேட்டாள்.

எங்கள் ஆயுளும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
உடையப்பன்