காயக்கூடாத வெள்ளை உப்பு

இன்று காலை லாபரட்டரியில் புதிதாகச் சேர்ந்த வங்காளி உதவியாளர் நைட்ரோமீதேன் புட்டியைத் திறந்தார். லேசான பழவாசனை. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நீ போய்ச் சில மழைக்காலங்கள் ஆகியும் உன்மேல் இருக்கிற கோபம் தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊர் ஈரம் உனக்கு ஜன்மப் பகை. காளிகாட்டில் நாம் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட அறையில் உப்பு ஜாடி நீர்த்துவிடும், தீப்பெட்டி நமுத்துப்போகும், உன் கோட்டில் பூஞ்சை பூக்கும். "நம்மூரா இருந்தா ஒரே வெயில்ல காஞ்சுடும்டா" என்று புலம்புவாய். கொஞ்சம் வெளிச்சம் வந்தால் போதும், தலையணை முதல் அப்பளம் வரை எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிடும். மதராஸி பாபு கடை விரித்துவிட்டார் என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

லாபரட்டரியில் நம் இருவருக்கும் கிடைத்தது அந்தத் திரவம். பெயரில் நைட்ரோ இருக்கிறதே, வெடித்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் தொடங்கினோம். ஒரு சொட்டு விட்டுச் சுத்தியலால் தட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. தீ வைத்தோம், மரியாதையாக எரிந்து அணைந்தது. "பசுமாடுடா இது" என்றாய். காஸ்டிக் சோடா சேர்த்தால் வெள்ளையாக ஓர் உப்பு படியும். மழைக்காலம் முழுக்க அதை ஈரக் களிம்பாகக் கரண்டியால் வழித்தோம். அதுவும் சாதுவாகவே இருந்தது. நீ திட்டித் தீர்த்த ஈரம்தான் அதை அடக்கி வைத்திருந்தது என்று நமக்குத் தெரியவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து வானம் வெளுத்தது. ஈரத்தோடு நிறுத்தால் எடை சரியாக வராது என்று இரண்டு பீங்கான் கிண்ணங்களை ஜன்னல் வெயிலில் வைத்தாய். மத்தியானம் ஒன்றை மேசைக்கு எடுத்துவந்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கத்தியால் சுரண்டினாய். வெடிச்சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தேன். உன் கழுத்தில் பீங்கான் சில்லு. மேல்துண்டை வைத்து அழுத்திப் பிடித்தேன். கண்ணைத் திறந்தாய்.

"ஜன்னல்ல இன்னொண்ணு இருக்கு. தொட்டுடாதே. தண்ணி விடு."

"முதல்ல டாக்டர் வரட்டும்."

"பசங்க வந்துடுவாங்கடா. போ."

மாணவர்கள் கூட்டமாகப் படியேறி வரும் சத்தம் கேட்டது. துண்டை விடாமல் அழுத்தச் சொல்லி, ஓடிவந்திருந்த பியூன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். குவளையில் தண்ணீர் மொண்டு, எட்ட நின்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். உப்பு கரைந்து பால்போல் ஆயிற்று. திரும்பி வந்தபோது, இனி அழுத்திப் பயனில்லை என்று பியூன் துண்டை எடுத்துவிட்டிருந்தான்.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் இந்த உப்பை உலர விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறார்கள். அன்று படியேறி வந்தவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் டிராம் ஏறி வீட்டுக்குப் போனார்கள். நீ சொன்னது சரிதான், நான் செய்ததும் சரிதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. சாம்பாருக்குப் புளி போதும் என்று நீ சொன்னால்கூட எதிர்த்துப் பேசியவன் நான். அன்றைக்கு மட்டும் ஏனடா உன் பேச்சைக் கேட்டேன்?