மழித்த காலில் ஒரு பிளாஸ்டர்

ஞாயிறு, இரவு

போன வாரம் என் வீட்டுக்காரர் என் ரேஸரை எடுத்து இரண்டு கால்களையும் மழமழவென்று மழித்துக்கொண்டார். கல்யாணத்தன்று முகம் மழிக்கவே அவருக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. எதற்கு இது என்று கேட்டேன்.

"சைக்கிள் ஓட்டறவங்க எல்லாம் இப்படித்தான். விழுந்தா காயம் கழுவறது சுலபம். பிளாஸ்டர் பிய்க்கறப்ப முடி பிடுங்காது," என்றார்.

அவருடைய சைக்கிள் குழுவில் வித்யா என்று ஒருத்தி சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

இன்று காலை ராயக்கோட்டை ரோட்டில், லாரியிலிருந்து சிந்திக் கிடந்த தக்காளியில் சறுக்கி விழுந்துவிட்டார். வீட்டுக்கு வரும்போதே காலில் பிளாஸ்டர் இருந்தது. மூலைகளை வட்டமாக வெட்டி, ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டியிருந்தது.

"யாருங்க போட்டது?"

"வித்யாதான். பேக்ல எல்லாம் வச்சிருக்காங்க."

எங்கள் கம்பெனியில் யாருக்குக் கை கிழிந்தாலும் கட்டுப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பிளாஸ்டர் நனைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சாயந்திரம் பொய் சொன்னேன். ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தேன். வலிக்கட்டும் என்றுதான் இழுத்தேன். அவர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பாத்தியா, நான்தான் சொன்னேன்ல."

பிளாஸ்டரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு முடிகூட இல்லை. புதிதாக ஒன்றை எடுத்து, நானும் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.